பக்க வகிடு

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் நான் சரித்திர வாத்தியார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் அந்த நாற்காலிக்கு ஒரு தமிழன் வந்ததே பெரிது என்று எனக்கு நினைப்பு. கோட்டு, டை, பக்க வகிடு. கண்ணாடியில் பார்த்தால் என்னையே 'சார்' என்று கூப்பிடத் தோன்றும்.

ஒரு சனிக்கிழமை, கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் இருந்த அப்பா இறந்துபோனார். தலைமை ஆசிரியருக்குச் சீட்டு எழுதி அனுப்பிவிட்டுப் படகு ஏறினேன். எங்கள் வழக்கத்தில் தாய்க்குக் கடைசிப் பிள்ளை கொள்ளி வைப்பான், தகப்பனுக்குத் தலைப்பிள்ளை. அம்மாவுக்குத் தம்பி வேலு வைத்துவிட்டான். அப்பாவுக்கு நான்தான்.

மறுநாள் சுடுகாட்டில் நாவிதர் கத்தியோடு காத்திருந்தார். கொள்ளி வைப்பவன் தலையையும் மீசையையும் மழிக்க வேண்டும்.

"உக்காருண்ணே" என்றான் வேலு.

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் தொரை என் வகுப்புக்கு வர்றாரு. மொட்டைத் தலையோட எப்படிடா நிக்கிறது? நீயே வச்சிருலா."

"கடைசி வரைக்கும் ஒன்னைத்தானே கேட்டுக்கிட்டுக் கெடந்தாரு."

நான் தொப்பியைக் கழற்றவே இல்லை. வேலு போய் நாவிதர் முன்னால் உட்கார்ந்தான்.

திங்கட்கிழமைப் பாடம், ரோமானியர் பிரிட்டனை வென்ற கதை. "தங்கள் அங்கியை உடுத்தச் சொல்லி ரோமானியர் யாரையும் அடிக்கவில்லை. தோற்றவர்கள் தாங்களாகவே பிள்ளைகளுக்கு லத்தீன் கற்றுக்கொடுத்தார்கள். அந்த அங்கிக்கு ஆலாய்ப் பறந்தார்கள்" என்று வெளுத்து வாங்கினேன். பையன்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் வரவில்லை.

மணி அடித்ததும் தலைமை ஆசிரியரிடம் ஓடினேன். வெள்ளைக்காரர், நல்ல மனிதர். என்னைக் கண்டதும் திடுக்கிட்டு எழுந்தார்.

"நீங்கள் ஏன் வந்தீர்கள்? தந்தை இறந்தால் உங்கள் ஆட்கள் தலையை மழித்துக்கொண்டு வீட்டில் இருப்பார்களே என்று, இன்ஸ்பெக்டரை அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டேன்" என்றார். பிறகு என் வகிட்டைப் பார்த்தார். "உங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லையோ?"

"இல்லை, சார்" என்றேன்.

யாரும் என்னை எதையும் விட்டுவிடச் சொல்லவில்லை. நானாகத்தான் அப்பாவை விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

பள்ளி விட்டதும் பினாங்கு ஸ்திரீட்டில் முடிவெட்டும் கடை ஒன்றில் போய் உட்கார்ந்தேன். "மொட்டை அடிச்சிருங்க. மீசையும் எடுத்துருங்க."

கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே சந்தோஷமாகக் கேட்டார். "வேண்டுதலா, சார்? எந்தக் கோயிலுக்கு?"

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் கையைக் காட்டினேன்.