பிப்ரவரியில் காணாமல் போன பதினோரு நாட்கள்

பி.ஆர். விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த மறுநாள் என் அறையில் ஒரு ஜன்னல் குறைந்தது. நிரந்தரமாக வசிக்க அனுமதி கேட்டவர்களுக்கு முடிவு வரும்வரை ஒரு ஜன்னல் போதும் என்று ஒப்புகைக் கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். போனது நல்ல ஜன்னல். மிஞ்சியது பக்கத்துக் கட்டடத்தின் செங்கல்லைப் பார்த்தது.

கடிதத்தில் வேறு சில விதிகளும் இருந்தன. நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. புகைப்படத்தில் உள்ள முகத்தையே வைத்திருக்க வேண்டும். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு நொடி கழித்துத்தான் திரும்ப வேண்டும்.

எட்டு மாதம் யாரும் கூப்பிடவில்லை. விதியை அப்பழுக்கில்லாமல் கடைப்பிடித்தேன்.

ஊருக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. கார்டு கையில் வந்தால் கோவில்பட்டிக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டுத் தைரியமாகத் திரும்பி வரலாம். அதற்காகத்தான் விண்ணப்பமே.

ஒன்பதாவது மாதம் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. போனேன். நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. பாதி வழியில் மதியம் ஆகிவிட்டது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். டப்பாவை மூடியதும் கவுண்டரே என்னிடம் வந்தது.

கவுண்டரில் இருந்த பெண் அதிகாரிக்கு நீலக் கண்கள். எங்கள் ஊர்த் தமிழில் பேசினார்.

"தமிழ் எங்க மேடம் படிச்சீங்க?"

"படிக்கல. ஃபைல் எந்த ஊரோ அந்த ஊர்ப் பேச்சு. உக்காருங்க."

நாற்காலி இல்லை. உட்கார்ந்தேன்.

கடந்த பத்து வருடமாக எங்கெங்கே குடியிருந்தேன் என்று ஒரு நாள்கூட விடாமல் எழுத வேண்டும். எழுதியிருந்தேன். அவர் ஒரு வரியில் விரலை வைத்தார்.

"பிப்ரவரி மூணுலருந்து பதிமூணு வரைக்கும் உங்களக் காணோமே."

"பழைய ரூம காலி பண்ணிட்டேன். புது ரூம் பதினாலாந்தேதிதான் கிடைச்சிச்சு."

"நடுவுல?"

"காலேஜ் லைப்ரரில. மூணாவது மாடி. ஒரு நாற்காலில."

"நாற்காலிக்குக் கதவு நம்பர் உண்டா?"

"இல்ல."

"அப்ப அந்தப் பதினோரு நாளும் நீங்க எங்கயும் இல்ல. எங்கயும் இல்லாதவருக்கு நிரந்தரமா இருக்க அனுமதி குடுக்க முடியாது. பாத்தவங்க ஒருத்தர் சொன்னாப் போதும்."

யோசித்தேன். ஐந்தாம் நாள் ஒரு பெண் என் தோளைத் தட்டி, அந்த பிளக் வேலை செய்கிறதா என்று கேட்டாள். செய்கிறது என்றேன். அவள் பெயர் தெரியாது.

"அம்மாட்ட தினமும் போன்ல பேசுவேன்" என்றேன். சொன்ன பிறகுதான் தப்பு உறைத்தது. அதற்குள் அவர் அம்மாவை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

நான் அம்மாவிடம் லைப்ரரியைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் எந்தப் பிள்ளையும் சொல்லமாட்டான். ஜெபசிங் வீட்டில் தங்கியிருக்கிறேன், வயிறாரச் சாப்பிட்டேன் என்றே தினமும் சொன்னேன். ஜெபசிங் என்னோடு இன்ஜினியரிங் படித்தவன். இதே நகரத்தில் மனைவியோடு இருக்கிறான். அவனிடம் இடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்கவில்லை.

"அந்தப் பதினோரு நாளா?" என்றாள் அம்மா. "ஜெபசிங் தம்பி வீட்லதான இருந்தான். மொத நாளு இட்லி சாம்பாரு. மறுநாளு நெத்திலிக் கொழம்பு. அந்தப் பிள்ளைக்கு நல்ல கைப்பக்குவம்னு சொன்னான்."

"அம்மா" என்றேன்.

"சாட்சி சொல்லும்போது குறுக்க பேசாதீங்க" என்றார் அதிகாரி.

"யாரு அது பக்கத்துல?" என்றாள் அம்மா.

"யாரும் இல்லம்மா. மூணாம் நாளு?" என்றார் அதிகாரி.

அம்மா பதினோரு நாள் சாப்பாட்டையும் வரிசையாகச் சொன்னாள். ரசம்கூட விடுபடவில்லை. அதிகாரி எல்லாவற்றையும் தட்டச்சு செய்து முத்திரை குத்தினார்.

"முடிஞ்சிச்சு. நெத்திலி சாப்பிட்டவருக்கு பி.ஆர். குடுத்துரலாம்."

"மேடம், அது நான் சொன்ன பொய்."

"அம்மா சொன்னது சாட்சி. நீங்க சொல்றது மறுப்பு. அதுக்கு வேற கவுண்டர்."

அந்தக் கவுண்டர் தூரத்தில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் தூரமானது.

வெளியே வந்ததும் ஜெபசிங் போன் செய்தான்.

"ஏல, எங்க வீட்ல ஒருத்தன் வந்து உக்காந்திருக்கான். அச்சு ஒன்ன மாதிரியே. கொஞ்சம் தெளிச்சியா இருக்கான்."

"என்ன செய்யுதான்?"

"சாப்பிடுதான். ரெண்டாவது தடவ கொழம்பு கேட்டு வாங்கிட்டான். கூச்சமே இல்ல. எம் பொண்டாட்டிக்கு ஒரே சந்தோசம். நீ ஒரு நாளாவது வந்திருக்கியால?"

"நீ கூப்பிடலயே."

"இவனையுந்தான் கூப்பிடல."

நெத்திலி சாப்பிட்டவனுக்குக் கார்டு வந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போனான். விமான நிலையத்துக்கு ஜெபசிங்தான் கொண்டுபோய் விட்டானாம். என் விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது. மிச்ச ஜன்னலில் செங்கல் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது.

பொங்கலன்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

"பெறவு பேசுதேன் தம்பி" என்றாள். "எம் பையன் வந்திருக்கான். நாலு வருசம் கழிச்சு."

"நல்லா இருக்கானாம்மா?"

"இருக்கான். நீ யாரு பெத்த பிள்ளையோ. சாப்ட்டியாய்யா?"

"இல்லம்மா."

அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

கரண்டி சட்டியில் உரசும் சத்தம் கேட்டது. "இன்னுங் கொஞ்சம் ஊத்திக்கய்யா" என்று அம்மா அவனிடம் சொன்னாள்.

போனை அவள் வைக்கவில்லை. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.