ஓட்ட நோட்டில் ஒரு கரடி

எங்கள் விடுதியில் காலை ஐந்தேகாலுக்கு மணி அடிக்கும். எழுந்ததும் முதல் வேலை எடை பார்ப்பது. நடைக்கூடத்தில் எடை மெஷின், பக்கத்தில் வெள்ளைப் பலகை, அதில் பதினெட்டுப் பெண்களின் பெயர். அவரவர் எடையை அவரவரே எழுத வேண்டும். முந்தின நாளைவிட இருநூறு கிராம் கூடியிருந்தால் அன்றைக்குச் சோறு அரைக் கிண்ணம். தெற்கு ஜப்பானில், மியாசாகியில் எங்கள் பள்ளி நெடுந்தூர ஓட்டத்துக்குப் பேர் போனது. வசந்தத்தில் தடகளம், இலையுதிர் காலத்தில் எகிதென் என்கிற சாலைத் தொடர் ஓட்டம், குளிர்காலத்தில் சேற்றிலும் புல்லிலும் ஓடும் நாட்டுப்புற ஓட்டம் என்று வருடம் முழுக்க ஓடிக்கொண்டே இருப்போம். அரைக் கிண்ணச் சோற்றில் எப்படி ஓடுவது என்று அங்கே யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

என் பெயர் ஹிடகா ஹொனாமி. நான் சொல்லப்போவது போன இலையுதிர் காலத்தில், நான் உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டில் இருந்தபோது நடந்தது. அப்பா மலையடிவார ஊரில் டவுன் பஸ் ஓட்டுகிறார். நானும் தங்கை இப்புகியும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அவருடைய பஸ்ஸோடு போட்டி போட்டு அடுத்த ஸ்டாப் வரை ஓடுவோம். அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வேகத்தைக் குறைப்பார். நாங்கள் ஜெயித்துவிட்டதாகக் குதிப்போம். அந்த ஓட்டம்தான் என்னை இங்கே கொண்டுவந்து தள்ளியது. விளையாட்டுச் சிபாரிசில் சேர்ந்தவள் நான். நுழைவுத் தேர்வு கிடையாது, கட்டணம் கிடையாது, ஓடினால் போதும்.

அந்தச் சிபாரிசுக்கு ஒரு வால் உண்டு. வந்தவள் பாதியில் ஓட்டத்தை விட்டால், அவள் படித்த நடுநிலைப் பள்ளியிலிருந்து அடுத்து யாரையும் எடுக்க மாட்டார்கள். எங்கேயும் எழுதி வைக்காத விதி, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் என் பழைய நடுநிலைப் பள்ளியிலிருந்து மனு போட்டிருந்தவள் இப்புகி.

செப்டம்பரில் மலை முகாமிலிருந்து திரும்பிய மறுநாள், என் வலது முழங்காலுக்கு நாலு விரல் கீழே எலும்பில் ஒரு புள்ளி வலிக்க ஆரம்பித்தது. கட்டைவிரலால் அழுத்தினால் உயிர் போகும். ஓடத் தொடங்கினால் முதல் கிலோமீட்டர் நரகம், பிறகு மரத்துவிடும், நின்றதும் இரண்டு பங்காகத் திரும்பி வரும். யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு முந்தின வருடம் வலி என்று சொன்ன ஓர் அக்காவை நடைக்குழுவில் போட்டார்கள். நாங்கள் ஓடும்போது மைதானத்து வேலியோரம் நடந்துகொண்டே களை பிடுங்குவதுதான் நடைக்குழு. பயிற்சியாளர் முரோட்டா சார் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அந்த அக்காவின் ஊரிலிருந்து அப்புறம் யாரும் வரவில்லை.

சாரிடம் யாரும் நேராகப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை ஓட்ட நோட்டில் எழுத வேண்டும். சாயங்காலம் அவர் அறை வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் நோட்டைப் போட்டால், காலையில் சிவப்பு மையில் பதிலோடு திரும்பி வரும். ‘நன்று. இதே மனநிலையில் தொடர்.’ நான் தினமும் ‘கால் லேசாக இருக்கிறது’ என்று எழுதினேன். நாற்பது நாள் எழுதினேன். அந்தப் பொய்யை நம்பித்தான் மாகாண எகிதெனில் முதல் கட்டத்தை எனக்குக் கொடுத்தார் என்று நினைத்தேன். ஆறு கிலோமீட்டர். ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராக ஓட வேண்டும். தோளில் போட்ட துணிப்பட்டையைக் கழற்றி அடுத்தவளிடம் கொடுத்தால்தான் அவள் கிளம்ப முடியும். முதல் ஆள் வழியில் விழுந்தால் மற்ற நாலு பேரும் வெறும் தோளோடு நிற்க வேண்டியதுதான். பொய் எழுதி எழுதி நானே என்னை அந்தக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்.

போட்டிக்கு எட்டு நாள் இருந்தபோது மாடிப்படி இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். அன்று சாயங்காலம் நோட்டில் உண்மையை எழுதிவிட்டேன். ‘மன்னிக்க வேண்டும். நாற்பது நாளாகப் பொய் எழுதினேன். வலது கால் எலும்பு வலிக்கிறது. என்னால் ஓட முடியாது.’ பெட்டியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். எப்படியும் அரைக் கிண்ணம்தான்.

காலையில் நோட்டு வந்தது. ‘நன்று. இதே மனநிலையில் தொடர்.’

மூன்று நாள் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மண்டையைக் குடைந்தேன். படித்துவிட்டுத்தான் ஓடச் சொல்கிறாரா? என் மேல் அத்தனை நம்பிக்கையா, அத்தனை கோபமா? மூன்று நாளும் ஓடினேன். நாலாவது நாள் எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. நோட்டை விரித்து இப்படி எழுதினேன்: ‘இன்று சாப்பாட்டு அறைக்குள் கரடி வந்தது. எல்லோர் சோற்றையும் தின்றது. எடை பார்க்காமலே போய்விட்டது.’

‘நன்று. இதே மனநிலையில் தொடர்.’

துணி துவைக்கும் அறையில் எங்கள் கேப்டன் ஸாயோ அக்காவிடம் நோட்டைக் காட்டினேன். மூன்றாம் ஆண்டு, எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். கரடியைப் படித்துவிட்டு மெஷின் மேல் சாய்ந்து சிரித்தாள்.

“இதை இப்பத்தான் கண்டுபிடிச்சியா? நான் ஒரு வருஷமா ரொட்டிக் கடையப் பத்தித்தான் எழுதிட்டிருக்கேன். எந்தக் கடையில கறி ரொட்டி, எங்க மெலன் ரொட்டி, இங்கேருந்து போனதும் எதை முதல்ல திங்கணும்னு வரிசையா. எல்லாத்துக்கும் ‘நன்று’தான்.”

“அப்ப யாருமே படிக்கலையாக்கா?”

“சின்ன சார் ஒருத்தர் ஞாயித்துக்கிழமை மொத்தமா உக்காந்து சிவப்பு மை போடுவாரு. வர்ற வாரத்துக்கும் சேர்த்து. தாளோட பின்பக்கம் பாத்துக்கோ, நீ எழுதறதுக்கு முன்னாடியே பதில் இருக்கும்.”

பார்த்தேன். அடுத்த நாளைக்கான வெற்றுத் தாளின் பின்பக்கத்தில் ‘நன்று’ ஏற்கெனவே காய்ந்து போயிருந்தது. இத்தனை நாளும் மேலிருந்து கீழே எழுதிக்கொண்டே வந்தவள், தாளைப் புரட்டிப் பார்க்கவே இல்லை. அடுத்தவர் பதில் எழுதும் இடத்தை முன்கூட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அன்றிலிருந்து தினமும் உண்மையையே எழுதினேன். காகிதத்திலாவது ஒரு நாள் பொய் சொல்லாமல் இருக்கலாமே.

போட்டிக்கு முந்தின நாள் மாலை நாலு மணிக்குக் கூட்டம். ஓடப்போகும் ஐந்து பேரும் எழுந்து நின்று, நோட்டில் கடைசியாக எழுதியதையும், தாளின் பின்பக்கத்தில் இருக்கும் சாரின் பதிலையும் சத்தமாகப் படிக்க வேண்டும். சாரின் வார்த்தை உடம்பில் இறங்க வேண்டுமாம். படித்ததும் அவர் மார்பில் குத்திக்கொள்ளும் எண் துணியை இரண்டு கையாலும் கொடுப்பார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் எல்லோரும் ஜோராக எழுதி வைத்திருப்பார்கள். முதல் கட்டம் என்பதால் முதலில் என் பெயர். மனப்பாடமாக இருந்த பழைய பொய்யைச் சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் எழுந்தேன். எழுந்ததும் கால் சுண்டி இழுத்தது. வாய் அதுபாட்டுக்கு எதிரில் இருந்ததைப் படித்துவிட்டது.

“‘வலது கால் வலி கூடிவிட்டது. நிற்கும்போதும் வலிக்கிறது. போட்டியில் ஓடினால் எலும்பு உடைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.’ சாரின் பதில்: ‘நன்று. இதே மனநிலையில் தொடர்.’”

முரோட்டா சார் எண் துணியைக் கீழே வைத்தார். மற்றவர்களை மறுபடி வரச் சொல்லி அனுப்பிவிட்டு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“எத்தனை நாளா வலி?”

“நாப்பத்தெட்டு நாளா சார்.”

“சொல்றதுக்கு என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?”

“நோட்டுல எழுதினேன் சார்.”

நோட்டை வாங்கிப் புரட்டினார். கரடிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். காது சிவந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை, மேஜை மேலிருந்த பழுப்பு உறையை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். ஹிடகா இப்புகி என்று என் தங்கையின் உருண்டைக் கையெழுத்து.

“ஓட்டத்துல நல்ல டைமிங் உன் தங்கச்சிக்கு,” என்றார் மெதுவாக. “கட்டு போட்டுக்கோ. மாத்திரை தர்றேன். ஆறு கிலோமீட்டர், இருபது நிமிஷம். பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடிடு. ஏப்ரல்ல அவ இங்க இருப்பா.”

“ஓடலேன்னா சார்?”

“அதை நான் வேற சொல்லணுமா? சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள வந்து சொல்லு. பேரை மாத்தணும்னா மாத்தணும்.”

எங்கள் செல்போன்கள் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். படிக்கட்டடியில் ஒரு பச்சைத் தொலைபேசி உண்டு. காசைப் போட்டு வீட்டுக்குக் கூப்பிட்டேன். இப்புகிதான் எடுத்தாள்.

“அக்கா! நாளைக்கு டிவில லைவ்வாம்! அப்பா லீவு போட்டுட்டாரு. பக்கத்து வீட்டுக்காரங்கல்லாம் இங்கதான் வர்றாங்க!”

“இப்புகி, எனக்குக் கால் வலிக்குதுடி. எலும்பு. படி இறங்க முடியல.”

இன்னொரு காசைப் போட்டேன்.

“நாளைக்கு நான் ஓடலேன்னா உன்னை எடுக்க மாட்டாங்க. அதான் கேக்கறேன்.”

“ஆறு கிலோமீட்டர்தானேக்கா?” குரல் உடைந்துவிட்டது. “ஒரே ஒரு ரேஸ்க்கா. எனக்காக. அப்புறம் நீ எவ்வளவு நாள் வேணா படுத்துக்கோ.”

“உடைஞ்சிரும்டி.”

“எனக்கும்தான் கோடையிலேருந்து குதிகால் வலிக்குது! நான் யார்கிட்டயாவது சொன்னேனா? நானும் எங்க ஸ்கூல் ஓட்ட நோட்டுல நல்லாருக்குன்னுதான் எழுதிட்டிருக்கேன். உன்ன மாதிரிதானே நானும் இருக்கணும்?”

காசு தீர்ந்து தொடர்பு அறுந்தது. ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பதினைந்து வயது அவளுக்கு. இங்கே வந்து சேராமலே, இந்த வெள்ளைப் பலகையில் பெயர் ஏறாமலே, அவள் பொய் எழுத ஆரம்பித்துவிட்டாள். யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்று கேட்க வேண்டியதே இல்லை. எனக்கு வந்த கோபம் சார் மேலா, அவள் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. நொண்டிக்கொண்டே அவர் அறைக்குப் போனேன்.

“நான் ஓடல சார்.”

“தங்கச்சி?”

“அவளும் ஓட மாட்டா.”

“அதை முடிவு பண்ண நீ யாரு?”

“அக்கா,” என்றேன்.

அவர் உறையை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். போ என்று கையைக் காட்டினார்.

மறுநாள் முதலாமாண்டு அமானே என் இடத்தில் ஓடினாள். நான் அவள் கழற்றிய மேல்கோட்டைப் பிடித்துக்கொண்டு தொடக்கக் கோட்டருகே நின்றேன். மூன்றாவதாக வந்தோம். ஜெயித்த பள்ளிதான் டிசம்பரில் தேசியப் போட்டிக்குக் கியோட்டோவுக்குப் போகும். என்னால்தான் போச்சு என்று யாரும் சொல்லவில்லை, எல்லோரும் நினைத்தார்கள். அந்த வாரம் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். எலும்பில் பாதித் தடிமனுக்கு ஒரு கோடு ஓடியிருந்தது. திரும்பி வந்தபோது என் அலமாரியில் யாரோ ஒரு மெலன் ரொட்டியை வைத்திருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு முழுசாகத் தின்றேன்.

இப்போது ஏப்ரல். மூன்றாம் ஆண்டு. நான் இன்னும் இங்கேதான், நடைக்குழுவில். வேலியோரம் நடக்கிறேன், களை பிடுங்குகிறேன், வேலிக்கு அந்தப் பக்கம் போகிற பஸ்ஸைப் பார்க்கிறேன். பள்ளி முடிக்கும்வரை இப்படித்தான். நடைக்குழுவுக்கு நோட்டு கிடையாது. இப்புகி உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். அங்கே ஓட்டக் குழு இல்லை. ஐந்து மாதமாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. புத்தாண்டுக்கு நான் வீட்டுக்குப் போனபோது மாடியை விட்டு இறங்கவே இல்லை. அவள் கனவில் மண்ணைப் போட்டவள் நான். செய்தது சரிதானா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்தார்.

“நேத்து இப்புகி லேட்டு. நான் பஸ்ஸ எடுத்துட்டேன். கண்ணாடியில பாத்தா பின்னாலயே ஓடி வர்றா. பை முதுகுல எகிறுது.”

“நிறுத்தலையாப்பா?”

“நிறுத்துவேனா? அடுத்த ஸ்டாப் வரைக்கும் விட்டேன். கொஞ்சம் மெதுவாத்தான். எனக்கு முன்னாடி போய் நின்னுட்டா கழுதை. ஏறினதும் உன்னப் பத்தித்தான் பேச்சு.”

“என்னப்பா சொன்னா?”

“கோபமாத்தான். ‘அவகிட்ட சொல்லிடுங்க, என் குதிகால் இப்ப சுத்தமா வலிக்கல. நான் அங்க ஓடியிருப்பேன்’னு சொன்னா. மனசுல வச்சுக்காதம்மா, சின்னப் பொண்ணு.”

“அப்பா, இன்னொரு தடவை சொல்லுங்க.”

“என்னத்த?”

“குதிகாலைப் பத்தி.”