திரையில் பேசிய அண்ணன்

மரியஅந்தோணி கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். தொலைக்காட்சியில், உணவகச் சமையலறை ஒன்றின் நடுவே, அண்ணனாக நடித்தவன், சமையல்காரனைக் காதலிக்கும் தங்கைக்காகத் தன் தகப்பனை மறித்து நின்றான்.

"அவரு ஆக்குன சோத்தத் தெனமும் திங்கிறோம். கையப் புடிச்சா மட்டும் ஆகாதாப்பா?"

பின்னணியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இசை எழுந்தது.

"இப்படி ஒரு அண்ணன் இருந்தா அந்தப் பொண்ணுக்கு என்ன குறை" என்றார் மரியஅந்தோணி.

சிங்கப்பூரில், சிராங்கூன் வட்டாரத்து வீவக அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் குடும்பம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. தொடரை எழுதிய மகன் டாரியஸ் கையிலிருந்த தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தங்கை மிரண்டா திரையைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தாள். அந்த வசனம் அவளுடையது.

உணவகத்தைப் பற்றித் தொடர் எழுத வேண்டும் என்று வந்தபோது டாரியஸுக்கு வெந்நீர் வைப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. ஜாலான் புசாரில் ஓர் உணவகத்தின் தலைமைச் சமையல்காரன் செல்வின்தான் அவனை உள்ளே விட்டான். ஒரு மூலையில் நின்று பார்க்கச் சொன்னான். கேட்டதற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னான். அண்ணனைக் கூட்டிப்போக ஒருநாள் அங்கே வந்த மிரண்டா, பிறகு அண்ணன் இல்லாத நாள்களிலும் போனாள்.

செல்வின் முறைப்படிதான் பெண் கேட்டு வந்தான். வரும்போது ஆட்டுக்கறிக் குழம்பு சமைத்துக் கொண்டுவந்தான். மரியஅந்தோணி இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, தாத்தாவுக்கு எந்த ஊர் என்று கேட்டார். செல்வின் சிங்கப்பூரில் பிறந்தவன். தமிழ்நாட்டிலிருந்த அந்த ஊரைச் சிறுவயதில் ஒரே ஒருமுறை பார்த்திருந்தான். ஊர்ப் பெயரைச் சொன்னான். மாதா கோயிலுக்கு எந்தப் பக்கம் வீடு என்ற அடுத்த கேள்வியின் பொருள் புரியாமலே அதற்கும் பதில் சொன்னான்.

மறுநாள் மரியஅந்தோணி ஊரிலிருந்த உறவினர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசினார். வைத்தபின் மனைவி உர்சுலாவிடம் சொன்னார்: "ஊர்ல அவங்க சனத்துக்குக் கல்லறையே தனி. நமக்குச் சரிவராது."

அன்று சமையலறையில் மிரண்டா அண்ணனைப் பிடித்து நிறுத்தினாள். நீ சொன்னால் அப்பா கேட்பார், ஒரு வார்த்தை பேசு என்றாள். அழுதுகொண்டே, அவர் ஆக்கிய சோற்றைத் தின்றோமே, கையைப் பிடித்தால் மட்டும் ஆகாதா என்று கேட்டாள்.

"கொஞ்சம் டைம் குடுலா. இப்பப் பேசுனா அப்பா இன்னும் சூடாவாரு" என்றான் டாரியஸ்.

அறைக்குப் போனதும் அந்த வாக்கியம் அவனை விடவில்லை. மறந்துவிடக் கூடாதே என்று கணினியில் தட்டி வைத்தான். சில வாரங்களில் அது தொடருக்குள் போய்விட்டது. சாதியை எடுத்துவிட்டுக் கதாநாயகனை அநாதை ஆக்கினான். திரையில் பார்த்தால் அப்பா மனம் இளகுவார், வீட்டில் பேச வேண்டிய வேலையே இருக்காது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

இப்போது திரையின் முன் அப்பா இளகித்தான் இருந்தார். விளம்பரம் வந்ததும் டாரியஸ் மெதுவாக ஆரம்பித்தான்.

"அப்பா, நம்ம வீட்டுலயும் அதே மாதிரிதானே..."

மரியஅந்தோணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அது நாடகம்ப்பா."

கேட்டாயிற்று என்று டாரியஸ் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அப்படித் தோன்றியதற்காகவே தன்மீது அருவருப்பு வந்தது.

சற்று நேரத்தில் மிரண்டா அவன் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணனா நடிச்சாரே, அவரு நம்பர் இருக்கா?"

"அர்ஃபானா? எதுக்கு?"

"சனிக்கிழமை எனக்கும் செல்வினுக்கும் ரெஜிஸ்டர் மேரேஜ். அவரு வேலை செய்யிற கடையிலயே. என் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேணும்."

குரலில் கோபம் இல்லை. சாட்சிக்கு அவள் தன்னைக் கேட்பாள் என்று அவன் காத்திருந்தான். அவளும் கைப்பேசியைப் பிடித்தபடி காத்திருந்தாள். கடைசியில் அவன் எண்ணை அனுப்பினான். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் முழுவதும் பாராட்டு வந்துகொண்டே இருந்தது. அந்த அண்ணன் மாதிரி எங்கள் வீட்டில் யாரும் இல்லையே என்று ஒரு பெண் குரல்பதிவு அனுப்பியிருந்தாள். அதை அவனால் முழுதாகக் கேட்க முடியவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் மிரண்டா ஒரு பையோடு கிளம்பிப் போனாள். யாரும் தடுக்கவில்லை, யாரும் வாசல்வரை போகவும் இல்லை. பிறகு அர்ஃபான் அழைத்தான்.

"அண்ணே, நீங்க கல்யாண வேலையில பிஸியா இருப்பீங்க, அதான் தங்கச்சி என்னையக் கூப்பிட்டாங்கன்னு நெனச்சேன். ஒத்தாசைக்குச் சீக்கிரமே வரட்டுமா?"

சொன்ன நேரத்துக்கு வந்தால் போதும் என்றான் டாரியஸ். வைத்துவிட்டு நெடுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தான்.

"மிரண்டாவுக்கு இன்னிக்குக் கல்யாணம். நான் போறேம்ப்பா."

மரியஅந்தோணி செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "யாராச்சும் கேட்டா ஷூட்டிங் போயிருக்கான்னு சொல்லிக்கிறேன்."

உர்சுலா மின்தூக்கிவரை வந்தாள். மகனின் காலரைச் சரிசெய்தாள். கதவு மூடுமுன், "என்ன நெறத்துல சேலை கட்டியிருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள்.

உணவகத்தின் மேல்மாடிக்கு அவன் ஏறிப் போனபோது பதிவு முடிந்திருந்தது. மணமகன் பக்கம் செல்வினின் பெற்றோரும் சமையலறைத் தோழர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மணமகள் பக்கத்து நாற்காலிகளில் அர்ஃபான் மட்டும் இருந்தான். திருமணம் நடத்திவைத்த பெண்மணி தாள்களை உறையில் போட்டுக்கொண்டே, வாசலில் மூச்சிரைக்க நின்றவனைப் பார்த்து, இவர் யார், உறவா என்று மிரண்டாவிடம் கேட்டார்.

மிரண்டா அவனைப் பார்த்தாள். சிரிக்க முயன்றாள்.

"இவருதான் அந்த டிராமாவுக்கு வசனம் எழுதுறவரு" என்றாள்.

அர்ஃபானுக்கு அப்போதுதான் ஏதோ புரிந்தது. சட்டென்று எழுந்து நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தான்.

"அண்ணே, இது உங்க எடம்."

"இருக்கட்டும், நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு டாரியஸ் அந்த நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.