மேல்தட்டுக் கத்தி

கத்திகள் இருந்த கண்ணாடி அலமாரி, சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரில் நின்றது. அதற்கு நான்கு தட்டுகள். கீழிருந்து மேலே போகப் போக விலை ஏறும். மேல்தட்டில் ஒரே ஒரு கத்திதான். அதன் பிடி கருங்காலி; அலகு முழுவதும், குளத்து நீரில் காற்று எழுப்பும் சிற்றலைகள் அப்படியே உறைந்து நின்றுவிட்டதுபோல் மெல்லிய கோடுகள். முனையிலிருந்து பிடிவரை ஒரு கீறல்கூட இல்லை.

அதை வாங்கியவர் இழப்பு மதிப்பீட்டாளர். தீயிலும் வெள்ளத்திலும் பாழான சரக்குகளைப் பார்வையிட்டு, எவ்வளவு போயிற்று என்று காப்பீட்டு நிறுவனங்களுக்கு அறிக்கை தருவது அவருடைய வேலை. பயன்படுத்தப்பட்ட கணத்திலிருந்தே ஒரு பொருளின் மதிப்பு சரியத் தொடங்குகிறது என்பதைத் தொழிலில் கற்று, வீட்டில் கடைப்பிடித்தார்.

இதை ஒப்புக்கொள்ளாத நண்பர் ஒருவர் அவருக்கு இருந்தார். அவரும் கத்தி சேர்ப்பவர்தாம். ஆனால் தம்மிடம் உள்ளவற்றில் மிக விலையுயர்ந்ததை உறையோடு இடுப்பில் செருகிக்கொண்டு, போகிற வீடுகளிலெல்லாம் ஓர் ஆப்பிளை அதனால் சீவித் தின்பார். அதனால் அவருக்குப் பழக்காரர் என்று பெயர்.

"யோவ், நீ சேத்து வெச்சிருக்கிறது கத்தியா, இல்ல கண்ணாடிப் பெட்டியில செத்த மீனா? ஒரே ஒரு தடவை ஒரு வெங்காயத்தையாவது அதுங்க கண்ணுல காட்டுய்யா!"

"வெட்டிட்டா அது காய்கறிக் கத்தி. வெட்டாத வரைக்கும்தான் சொத்து."

"அப்போ உன் வீட்டுச் சமையலுக்கு?"

"அதுக்குத்தான் அவகிட்ட ஒண்ணு கிடக்கே."

அவர் மனைவியிடம் கிடந்த கத்தியின் பிளாஸ்டிக் பிடி எப்போதோ வெடித்து, ஒட்டுநாடா சுற்றப்பட்டிருந்தது. அது தக்காளியை வெட்டுவதில்லை, நசுக்கும். ஒருநாள் பூசணிக்காயின் தோலில் வழுக்கி, அவளுடைய இடக்கை ஆள்காட்டி விரலை எலும்பு தெரியப் பிளந்தது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து இருப்பதிலேயே மலிவான கத்தியை எடுத்து, பூசணிக்காயை வெட்டி முடித்தாள். பிறகு கத்தியைக் கழுவி, துடைத்து, அவர் செய்வதுபோலவே எண்ணெய் தடவி, எடுத்த இடத்தில் வைத்தாள்.

மாலையில் அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தக் கத்தியை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மயிரிழை போல ஒரு கோடு இருந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் அவளோடு ஒரு சொல் பேசவில்லை. அவள் எதிரிலேயே நிற்கும்போது, பள்ளிச் சீருடையில் இருந்த மகளைப் பார்த்து, "உங்கம்மாகிட்டச் சொல்லு, காபி ஆறிப் போச்சுன்னு" என்பார். விரல் கோணலாகக் கூடியது. அதைப் பற்றி அவர் மகள் வழியாகக்கூடக் கேட்கவில்லை.

மகள் வளர்ந்து, மணமாகி, வேற்றூரில் குடியேறினாள். மதிப்பீட்டாளர் ஓய்வு பெற்றார். ஓய்வின் இரண்டாம் ஆண்டில், பக்கவாதம் அவருடைய வலப்பக்கத்தையும் பேச்சையும் ஒரே காலைப்பொழுதில் பிடுங்கிக்கொண்டது. கேட்பது புரிந்தது, சொல்ல மட்டும் வரவில்லை.

பேச்சுப் பயிற்சி அளிக்க ஓர் இளம்பெண் வீட்டுக்கு வந்தாள். பை நிறையப் பட அட்டைகளும், வாய் நிறையச் சிரிப்பும் கொண்டவள். முதல் நாளே சமையலறையில் வைத்து மனைவிக்கு ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்தாள்.

"அம்மா, ஐயா ஒரு வார்த்தையை முழுசாச் சொல்லிட்டா, அது அந்த நிமிஷமே நடக்கணும். தண்ணின்னா தண்ணி கைக்கு வந்துடணும். இருங்க, அப்புறம்னு சொல்லவே கூடாது. சொன்னா நடக்குதுன்னு மூளைக்குப் புரியணும்."

"சொல்லவே இல்லைன்னா?"

"சொல்ற வரைக்கும் குடுக்காதீங்க. கொஞ்சம் கல்மனசு வேணும்மா இதுக்கு."

"அது இருக்கு," என்றாள் மனைவி.

ஆனால் அவர் தண்ணீர் கேட்கவில்லை, சாப்பாடும் கேட்கவில்லை. தொண்டை வறண்டாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்; கடைசியில் அவளே புகட்ட வேண்டியிருந்தது. கேளாமல் இருப்பதில் அவருக்கு நீண்ட பழக்கம் இருந்தது.

ஒருநாள் படுக்கை நனையாதிருக்க அவருக்குக் கட்டும் டயப்பர்கள் பெரிய அட்டைப்பெட்டியில் வந்து இறங்கின. பெட்டியைச் சுற்றிக் கெட்டியான பிளாஸ்டிக் பட்டைகள். அவளுடைய கத்தியின் பிடி அன்றைக்கு முற்றாகக் கழன்று கையோடு வந்தது. அவள் அலமாரியைத் திறந்து, கீழ்த்தட்டிலிருந்து அதே பழைய மலிவுக் கத்தியை எடுத்து, பட்டைக்குள் நுழைத்து நெம்பினாள்.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பினாள். சக்கர நாற்காலியில் அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, "வே... வே..." என்றார்.

அவள் பட்டையிலிருந்து கத்தியை வெளியே எடுக்கவில்லை. "முழுசாச் சொல்லுங்க."

"வே... ணா..."

பட்டை அறுந்தது, கூரிலிருந்து அரிசி அளவு எஃகு தெறித்துத் தரையில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் சொல் முழுமையாக வந்தது. "வேணாம்." உடனே அவள் நெம்புவதை நிறுத்தி, கத்தியைத் துடைத்து, தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். விதியை மீறவில்லை.

அடுத்த முறை வந்தபோது இதைக் கேட்டுப் பயிற்சிப் பெண் கைதட்டினாள். "எப்படிம்மா வர வெச்சீங்க?"

"அவருக்குப் பிடிச்ச பொருளைக் காட்டினேன்."

"அதையே செய்ங்க. விடாதீங்க."

அவள் விடவில்லை. காலையில் வீட்டு வேலை முடிந்ததும், நாற்காலியை மேசையருகே தள்ளி, அலமாரியிலிருந்து ஒரு கத்தியை எடுப்பாள். ஒன்றினால் வாணலியின் அடிப்பிடிப்பைச் சுரண்டினாள். ஒன்றினால் வண்ணப்பூச்சு டின்னின் மூடியைத் திறந்தாள். மான்கொம்புப் பிடி போட்ட ஒன்றைக் கருங்கல் மேடைமீது வைத்து, மூட்டை கட்டிய கம்பியை அறுத்தாள். சொல் சீக்கிரம் வந்தால் கத்தி பிழைக்கும், தாமதித்தால் பழுதாகும். பிழைத்ததை இன்னொரு நாள் மறுபடி எடுப்பாள்; என்றைக்காவது சொல் தாமதிக்கும். அவருடைய நாக்கு விரைவாகக் கற்றுக்கொண்டது. இரண்டாம் தட்டுக்கு வந்தபோது, 'வேணாம்' என்பது அவள் கத்தியைத் தூக்கும்போதே வந்தது. பிறகு, "பலகை" என்றார், மரப்பலகை வந்தது. "கழுவு" என்றார், கழுவினாள். "துணி... மெல்லிசு" என்றார், மெல்லிய துணியால் துடைத்தாள். வாழ்நாளில் ஒரு கத்தியாலும் எதையும் வெட்டாத அந்த மனிதருக்குக் கத்தியை எப்படிக் கையாள வேண்டும் என்பது முழுவதும் தெரிந்திருந்தது. அத்தனை சொற்களும் கத்திகளுக்காகவே வந்தன. அவற்றில் ஒன்றுகூட அவளை நோக்கி வரவில்லை.

விடுமுறைக்கு வந்த மகள் அலமாரியைப் பார்த்துவிட்டுத் தாயைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"அம்மா, இது வைத்தியமா, பழி வாங்குறதா?"

"பேச வெக்கிறேன்."

"வேற வழியே கிடைக்கலையா உனக்கு?"

"தண்ணிக்காகப் பேசச் சொல்லிக் கேட்டுப் பாத்தேன். உனக்காகக் கேட்டுப் பாத்தேன். எனக்காகவும் கேட்டுப் பாத்தேன்டி. வாயைத் திறக்கல. கத்திக்குத் திறக்குறார். நான் என்ன செய்ய?"

மகள் பெட்டியில் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். மறுநாளே ஊருக்குப் புறப்பட்டாள்.

மூன்றாம் தட்டும் ஏறத்தாழக் காலியான சமயத்தில் பழக்காரர் நலம் விசாரிக்க வந்தார். முனை மழுங்கியவையும் கூர் பிய்ந்தவையுமாக மேசைமீது கிடந்த கத்திகளைக் கண்டு, பையிலிருந்த ஆப்பிளை எடுக்கவே மறந்தார்.

"தங்கச்சி! என்னம்மா இது, கொலைக்களம் மாதிரி?"

"நீங்கதானேண்ணே சொல்வீங்க, கத்தின்னா வெட்டணும்னு."

"வெட்டச் சொன்னேம்மா. டின்னைத் திறக்கவா சொன்னேன்?" அவர் பார்வை மேல்தட்டுக்குத் தாவியது. குரல் இளகியது. "சரி, போனது போகட்டும். அந்த ஒண்ணையாவது எங்கிட்டக் குடு. பத்திரமா வெச்சிருக்கேன். யோவ், நீயும் சொல்லுய்யா."

மதிப்பீட்டாளர் நண்பரின் இடுப்புக் கத்தியைப் பார்த்தார்; அதன் பிடியில் ஒட்டியிருந்த பழச்சாற்றுக் கறையைப் பார்த்தார்.

"போ," என்றார்.

"என்னது?"

"போங்கறார்ண்ணே," என்றாள் மனைவி. "சொன்னா உடனே நடக்கணும். அதுதான் விதி. காபி இன்னொரு நாள் குடிக்கலாம்." அவருடைய செருப்பை அவளே எடுத்து வாசலில் வைத்தாள்.

அந்த வாரம் பயிற்சிப் பெண் புதிய அட்டைகளைக் கொண்டுவந்தாள். குடும்பத்துப் புகைப்படங்களை வாங்கி அட்டையில் ஒட்டியிருந்தாள். மனைவி கதவருகே நின்று பார்த்தாள்.

"இது என்னங்கய்யா?" "கண்ணாடி." "இது?" "பெட்டி." "இது யாரு?" "மக." "இவர்?" "பழக்... காரன்." "அடேயப்பா! சரி, இது யாரு?"

அது மனைவியின் படம். அவர் அதைப் பார்த்தார். உதடுகள் ஒன்றோடொன்று பொருந்தி மூடிக்கொண்டன. பயிற்சிப் பெண் மறுபடி கேட்டாள்; முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தாள். அவர் பார்வையை அலமாரிக்குத் திருப்பினார்.

"ஐயா களைச்சுட்டார். இன்னொரு நாள் வரும்மா, கவலைப்படாதீங்க."

கண்ணாடி வந்த வாயில், பெட்டி வந்த வாயில், பொண்டாட்டி வராமல் போவதற்கு நாக்கிலோ மூளையிலோ காரணம் இல்லை. அது மனைவிக்குத் தெரிந்தது. "அந்தப் படம் மட்டும் இங்க இருக்கட்டும்," என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் முற்பகலில், வெயில் மேடைமீது விழுந்துகொண்டிருந்தபோது, நாற்காலியைச் சமையலறைக்குள்ளேயே தள்ளி வந்து நிறுத்தினாள். குளிர்பெட்டியில் உறையவைத்து எடுத்த மாட்டெலும்பு ஒன்று கருங்கல்மேல் கல்லோடு கல்லாகக் கிடந்தது. அவள் அலமாரிக்குப் போய், ஒரு முக்காலியில் ஏறி, மேல்தட்டைத் திறந்தாள். அந்த வீட்டில் அவர் கைக்கு அடுத்தபடியாக அந்தக் கத்தியைத் தொட்ட முதல் கை அவளுடையது. அது எதிர்பார்த்ததைவிட இலேசாக இருந்தது.

படத்தை அவர் மடியில் வைத்தாள்.

"கடைசிக் கத்தி இது. வேணாம்னு சொன்னா இன்னைக்குச் செல்லாது. கழுவு, துடை எதுவும் செல்லாது. இது யாருன்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா இது மேலே போயிடும். நான் சாகுற வரைக்கும் அந்தக் கதவைத் தொட மாட்டேன்."

அவர் படத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு கருங்காலிப் பிடியைச் சுற்றியிருந்த அவளுடைய விரல்களையும், எலும்புக்கு மேலே நடுங்காமல் நின்ற அலகையும், அதில் ஓடிய அலைகளையும் பார்த்தார்.

"சொல்லுங்க. திட்டிக்கூடச் சொல்லலாம். நான் யாரு உங்களுக்கு?"

அவர் கண்கள் நிறைந்தன. உதடுகள் பிரிந்தன. மூச்சு உள்ளே போயிற்று. அவளுடைய கை தானாகவே தாழ்ந்தது. உடல் அதற்குள் அலமாரிப் பக்கம் பாதி திரும்பியிருந்தது.

"வெட்டு," என்றார்.

அவளுக்குக் காதில் விழுந்தது. ஆனாலும் கேட்டாள். "என்ன சொன்னீங்க?"

"வெட்டு."

நோய் வந்த நாளிலிருந்து அவ்வளவு தெளிவாக ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அசையக்கூடிய இடப்பக்க உதடு சற்று மேலே ஏறி, அங்கேயே நின்றது.

முழுச் சொல், கேட்ட உடனே நடக்க வேண்டும். அவள் கத்தியை ஓங்கி இறக்கினாள். எலும்பில் பட்டு, வழுக்கி, கருங்கல்லில் மோதிய ஓசை தெருவரை கேட்டிருக்கும். கூரின் நடுவில், நகம் அளவுக்கு ஒரு பிறை பெயர்ந்து எங்கோ போய் விழுந்தது. அவர் கண் சிமிட்டவில்லை. ஓங்கிய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கத்தியை அல்ல. அவள் கையில் இனி எதுவும் மிச்சமில்லை என்று அவர் மதிப்பிட்டு முடித்துவிட்டது தெரிந்தது.

பயிற்சிப் பெண் அடுத்த முறை வந்தபோது வழக்கம்போலக் கேட்டாள்.

"ஐயா என்ன சொன்னாரும்மா இந்தத் தடவை?"

"வெட்டுன்னார்."

"வினைச்சொல்லாவே வருது! அம்மா, இதுக்குத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன். இனி வாக்கியமாவே வரும் பாருங்க. இதே மாதிரி அவருக்குப் பிடிச்ச பொருளா எடுத்துக் காட்டிக்கிட்டே இருங்க."

"பிடிச்ச பொருள் தீந்து போச்சும்மா," என்றாள் மனைவி. அன்று அவர் மடியிலிருந்து எடுத்து வைத்திருந்த படத்தை அவளிடம் நீட்டினாள். "இதைக் கொண்டு போயிடு."

அன்று முதல் சமையலுக்கு அந்தக் கத்திதான். பூசணிக்காய் வெண்ணெய்போல விண்டது. ஆனால் பிறை பெயர்ந்த இடத்தில், ஒவ்வொரு துண்டிலும் ஒரு நார் அறுபடாமல் நின்றது. அதை அவள் கோணல் விரலால் பிய்த்துப் பிய்த்துப் போட்டாள். எதிரில் நாற்காலியில் அவர் அமர்ந்திருந்தார். அவள் கரண்டியை நீட்டியபோது மட்டும் அவர் வாய் திறந்தது.