வரிசையில் முதல் ஆள்

வைகாசிப் பௌர்ணமியன்று கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரமாக நடந்து, வழியில் உள்ள மூன்று விகாரைகளையும் கும்பிடுவது அணுபுரம் புத்த சங்கத்தாரின் வழக்கம். விகாரை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒன்று தகரக் கொட்டகை, இன்னொன்று சவுக்குத் தோப்புக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு புத்தர் கல், மூன்றாவதுதான் சுவர் வைத்த கட்டடம். ஒன்றைத் தவறவிட்டாலும் நடை கணக்கில் சேராது. திரும்பிப் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

வரிசையின் முதல் ஆள் கையில் வெண்கலப் புத்தர் இருக்கும். ஐந்து வருஷமாக அந்த முதல் ஆள் தெய்வநாயகி. நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவளை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. வருஷத்தில் அந்த ஒரு காலைதான் பதினான்கு பேர் அவள் பின்னால் வந்தார்கள். 2006இல் அதுவும் போயிற்று.

"தெய்வா, இந்த வாட்டி திவ்யா முன்னால போவட்டும்," என்றார் சங்கத்துச் செயலாளர் சம்பத். "நீ கடைசில வா. அங்கதான் பொறுப்பான ஆள் வேணும்."

"இன்னாண்ணா, போன வருசம் வந்த பொண்ணு அது. வழி தெரியுமா?"

"ஒரு வாட்டி நடந்துகீதே. சின்னப் புள்ள, ஆசப்படுது."

கடைசி இடத்துக்குப் பொறுப்பு என்று பேர் வைத்துவிட்டால் ஆயிற்றா? ஆசை அவளுக்கு மட்டும்தானா? சிறுசேரி கம்பெனியில் ஏசியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறாள், சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறது, வந்த அன்றே எல்லோரையும் அத்தை, பெரிம்மா என்று வளைத்துப் போட்டுவிட்டாள். போதாதென்று புத்தரும் வேண்டுமாம். தெய்வநாயகிக்கு வயிறு எரிந்தது. கடைசி ஆளுக்கான கைமணியை வாங்கிக்கொண்டாள். சம்பத் சமையல் சாமானோடு வேனில் மாமல்லபுரம் போய்விட்டார்.

நடை முடியும்வரை பேசக் கூடாது. முன்னே போகிறவர் குதிகாலைப் பார்த்தே நடக்க வேண்டும். வழி பார்ப்பது முதல் ஆள். வரிசையைக் கவனிப்பது கடைசி ஆள். ஏதாவது கோளாறென்றால் மணியடிப்பாள், எல்லோரும் நின்றுவிடுவார்கள்.

தகரக் கொட்டகையைத் திவ்யா சரியாகவே கண்டுபிடித்தாள். நெம்மேலி தாண்டியதும் சவுக்குத் தோப்புக்குள் திரும்ப வேண்டும். அடையாளமாக நின்ற ஒற்றைப் பனையைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. போன வருஷம் குதிகாலைப் பார்த்தே நடந்த பெண்ணுக்கு இடம் எப்படித் தெரியும்? நேரே போனாள். வரிசையும் போயிற்று.

தெய்வநாயகி பார்த்தாள். மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டாள். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். போகட்டும், நன்றாகப் போகட்டும். மாமல்லபுரத்தில் சம்பத் அண்ணன் கேட்கும்போது அந்தக் கன்னக்குழி எங்கே போகிறதென்று பார்க்கலாம். நான் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் ஆயிற்று. புத்தரைத் தூக்கிக்கொண்டு போன வருஷங்களில்கூட அவள் இவ்வளவு சந்தோஷமாக நடந்ததில்லை.

பட்டிபுலத்தில் வலை காய்கிற இடத்தில் திவ்யா நின்றாள். வெயில் ஏறியிருந்தது. தோப்பு இன்னும் வரவில்லையே என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், முகம் வெளுத்துவிட்டது. வந்த வழியைக் கையால் காட்டினாள். சிலையை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொருவர் முன்னாலும் வந்து கைகூப்பினாள். அறுபது வயதுப் பார்வதத்தின் காலில் கொப்புளம் உடைந்திருந்தது. துப்பட்டாவைக் கிழித்து, அழுதுகொண்டே கட்டிவிட்டாள். பார்வதம் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

பிறகு திவ்யா சிலையைக் கொண்டுவந்து தெய்வநாயகியின் கையில் வைத்து, மணியை வாங்கிக்கொண்டாள். வரிசை அப்படியே திரும்பியது. கடைசி ஆள் முதல் ஆளானாள்.

கேட்டது கிடைத்துவிட்டது. கையில் புத்தர், பின்னால் பதினான்கு பேர். நாலடி போய்த் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் அவள் பக்கம் பார்க்கவில்லை. எல்லோரும் கழுத்தைத் திருப்பி, கடைசியில் பார்வதத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு வரும் பெண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். மணியடிக்காத தப்பு தன்னுடையது, அதற்கு அவள் மன்னிப்புக் கேட்டு அதிலும் அவளே பேர் வாங்கிக்கொண்டாளே என்று தெய்வநாயகிக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.