சுறா எண்ணெய் பூசிய பில்டர்

எயார் பில்டர் பெட்டியின் மூடியைத் திறந்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இருபத்தாறு வருடமாக அன்புவழிபுரத்தில் கராஜ் நடத்துகிறேன். எஞ்சின் விசிறியில் அடிபட்டுச் செத்த பூனையைக்கூட இழுத்து எடுத்திருக்கிறேன். ஆனால் எஞ்சினுக்குக் காற்றுப் போகிற வழியில் எலிப் புழுக்கையும் கிழிந்த பஞ்சும் அழுகிய மீன் நாற்றமும் ஒன்றாய்க் கிடந்ததை அன்றுதான் பார்த்தேன். ஓடிப்போய் வேலியோரம் துப்பிவிட்டு வந்தேன்.

வான் ஜக்சனுடையது. சல்லியிலிருந்து கருவாடு ஏற்றி மூதூர்ச் சந்தைக்குக் கொண்டுபோகிறவன். அந்த வானை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பில்லை. இப்போது அது புகை கக்குகிறது, ஏற்றத்தில் இழுக்க மறுக்கிறது, ஒயிலை வேறு குடித்துத் தீர்க்கிறது.

"என்னத்தையடா இதில பூசினனீ?"

"சுறா எண்ணெய் அண்ணை. வள்ளத்துக்குப் பூசுறது."

"பில்டருக்கா?"

"கழுவிக் காயவிட்டு எண்ணெய் பூசிப் போடு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். கழுவி, கருவாடு காயிற தட்டியில வச்சனான். நல்ல வெயில்."

கருவாட்டுத் தட்டி! ஈ மொய்க்கிற அந்தத் தட்டியில் காய்ந்து, சுறா எண்ணெயில் குளித்து, அப்படியே வானுக்குள் போயிருக்கிறது. எலிக்கு விருந்து வேறெப்படி வைப்பது? அது வந்து பில்டரைக் கடித்து ஓட்டை போட்டிருக்கிறது. அந்த ஓட்டையால் றோட்டு மணல் உள்ளே போய்ச் சிலிண்டர் முழுக்கக் கீறி வைத்திருக்கிறது.

"மண்டைக்குள்ள மூளையா இருக்கு, மீன் குடலா?" என்று கத்தினேன். "எஞ்சின் முடிஞ்சுதடா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பிழை என்னிலதான் அண்ணை. எண்ணெய் எண்டா எல்லாம் ஒண்டு எண்டு நினைச்சிட்டன்."

திருப்பி ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத்தான் தாங்க முடியவில்லை.

போன வருடம் அவன் கேட்டு வந்தது வான் கொம்பனியின் அசல் பில்டரைத்தான். அது காகிதத்தால் ஆனது. ஊத்தையானால் எறிந்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும், அவ்வளவுதான். கழுவவும் வேண்டாம், எண்ணெய் பூசவும் வேண்டாம். கருவாட்டுக்காரனுக்கு அதைவிடப் பொருத்தமான சாமான் இல்லை. ஆனால் என்னிடம் கழுவி எண்ணெய் பூசிப் பாவிக்கிற, வேறு ஆட்கள் செய்த பஞ்சு பில்டர் மூன்று விலைப்படாமல் கிடந்தது. அதில் ஒன்றை அவன் தலையில் கட்டினேன். "கொம்பனிச் சாமான் வெறும் பேப்பர், இது ஆயுளுக்கும் காணும்" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அதோடாவது விட்டேனா? அந்தப் பில்டர் வந்த அட்டைப் பெட்டிக்குள், அதற்குப் பூசுவதற்கென்றே ஒரு சின்னப் போத்தல் சிவப்பு எண்ணெய் இருந்தது. அதை எடுத்து என் மோட்டார் சைக்கிள் செயினுக்கு வைத்துக்கொண்டேன். அவனுக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தேன். தெரியவில்லைதான்.

சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கை கழுவினேன். எலிப் புழுக்கையைத் தொட்ட கை என்பதற்காக இல்லை. என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

"இனி எதை அண்ணை போடுறது? நீங்கள் சொல்லுறதைத்தான் போடுவன்" என்றான் ஜக்சன்.

திறப்பைப் போட்டுத் திருப்பி அலுமாரியைத் திறந்தேன். போத்தலில் பாதி மிச்சமிருந்தது. எடுத்து அவன் கையில் வைத்தேன்.

"இது உன்ர பில்டர் வந்த அட்டைப் பெட்டிக்குள்ள இருந்தது. இதைத்தான் பூசியிருக்க வேணும். நான் எடுத்திட்டன். எஞ்சினை நானே கழட்டிச் செய்து தாறன். கொம்பனி பில்டரும் வாங்கிப் போடுறன்."

 அவன் மூடியைத் திறந்து மூக்கருகில் பிடித்தான்.

"இதில மீன் மணமே இல்லை" என்றான். அண்ணை என்று சொல்லவில்லை.

போத்தலை மூடி மேசையில் வைத்தான். விரல்களை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டுக் கையை நீட்டினான்.

"வான் திறப்பைத் தாங்கோ."