பறக்கும் சர்க்கரை

புஷ்பவல்லி வேலை பார்த்த தொழிற்சாலையில் சர்க்கரையை மாவாக அரைத்து பிஸ்கட் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். துப்புரவுக்கு அவள்தான் பொறுப்பு. அவளுக்குக் கீழே ஐந்து பெண்கள். அரைக்கும் கூடத்தைக் காலையில் துடைத்தால் மதியத்துக்குள் மறுபடி வெளுத்துவிடும். கூரைக்கடியில் போகும் இரும்பு உத்திரங்களின்மேல் விரல் கனத்துக்குச் சர்க்கரை படிந்திருந்தது. ஏணி எட்டாததால் அதை யாரும் அழுக்கென்று நினைக்கவில்லை. காற்றடித்தால், தங்கச் சுரங்கம் கழித்துக் கொட்டிய சயனைட் மேட்டு மண் சோற்றுத்தட்டு வரைக்கும் வருகிற ஊரில், இனிப்பான தூசியைப் பற்றி யார் புகார் சொல்வார்கள்?

பத்து நாளைக்கு முன்பு, அந்த ஐந்து பேரில் ஒருத்தியான பாக்யலட்சுமி மோட்டார் பக்கத்தில் பெருக்கும்போது கிளம்பிய தூள் புஸ்ஸென்று பற்றி, அவளுடைய புருவத்தைக் கொண்டுபோய்விட்டது. மேனேஜர் சுந்தரராஜ் களிம்பு வாங்கிக் கொடுத்தார். பதிவேட்டில் 'வீட்டு அடுப்பில் விபத்து' என்று எழுதினார். பாக்யலட்சுமி மையால் புருவம் வரைந்துகொண்டு மறுநாளே வேலைக்கு வந்தாள். அன்றிலிருந்து புஷ்பவல்லி அடிக்கடி உத்திரங்களை அண்ணாந்து பார்த்தாள். ஒரு முறத் தூளுக்கே புருவம் போனதென்றால், மேலே கிடப்பது விழுந்தால் என்ன போகும்?

புதன்கிழமை பிஸ்கட் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அரைவை நிறுத்தப்பட்டது. ஏர் ஹோஸ் வைத்து உத்திரத்தையெல்லாம் ஊதிவிடச் சொன்னார் சுந்தரராஜ். அதே நேரத்தில் வெல்டர் சாம்சன், சர்க்கரையை மேலே தூக்கும் எலிவேட்டரின் தகரக் கூட்டில் விரிசலை அடைத்துக்கொண்டிருந்தான். ஊத ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் கூடமே வெண்மூட்டமானது. அதற்குள் சாம்சனின் பொறிகள் மட்டும் நீலமாகத் தெரிந்தன.

புஷ்பவல்லி வெளியே நின்ற சுந்தரராஜிடம் ஓடிவந்தாள்.

"சார், வெல்டிங் முடியட்டும், அப்புறம் ஊதலாம். ரெண்டும் ஒண்ணா வேணாம் சார்."

"இன்னாமா நீங்க? சர்க்கரைமா அது. காபில போட்டுக் குடிக்கிறோம்."

"காபில பறக்கல சார்."

"ஒரு மணிக்குள்ள ரெண்டும் முடியணும். போங்க."

அவள் உள்ளே போய் காம்ப்ரஸரை அணைத்தாள். மணி பதினொன்று பத்து. டீ நேரம் பதினொன்றரைக்குத்தான்.

"எல்லாரும் டீக்கு வாங்க. சாம்சன், நீயும் வா."

"இந்த ஒரு இஞ்ச் முடிச்சிட்டு வரேன்கா."

"வடை தீந்துபோச்சுன்னா என்னைக் கேக்காத."

சாம்சன் முகமூடியைக் கழற்றினான்.

டீக்கொட்டகை வாசலுக்கு அந்தப் பக்கம். அவர்கள் டம்ளரை எடுப்பதற்குள் சுந்தரராஜ் வந்து சத்தம் போட்டார். வேலை நேரம் வீணாகக் கூடாதென்று, எலிவேட்டராவது ஓடட்டும் என பேனல் அறைக்குப் போன் செய்தார். மெஷின்களை இயக்கும் அந்த அறை தனிக் கட்டடம். அங்கிருந்த எரிக் பொத்தானை அழுத்தினான். எலிவேட்டரின் அடியில் சாம்சனின் பொறி ஒன்று சர்க்கரைக்குள் கனன்றுகொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

முதலில் ஒரு 'டொம்'. பெரிய சத்தமில்லை, லாரி டயர் வெடித்த மாதிரி.

சுந்தரராஜ் கூடத்தைப் பார்த்து ஓடினார். புஷ்பவல்லி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

"விடும்மா!"

"மேல கெடக்கிறது இன்னும் விழல சார்!"

சட்டை கிழிந்தது. அப்போதுதான் இரண்டாவது வந்தது. கூரைத் தகடுகள் எழும்பிப் போயின, கதவு வாசலைத் தாண்டி விழுந்தது, நெருப்பு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. பறந்து வந்த தகரம் ஒன்று சுந்தரராஜின் முழங்கையைக் கிழித்தது. புஷ்பவல்லி தன் ஆட்களை எண்ணினாள். ஐந்து பெண்கள், சாம்சன். மறுபடி எண்ணினாள். பேனல் அறையிலிருந்து எரிக் ஓடிவருவது தெரிந்தது. அதற்குப் பிறகுதான் மண்ணிலேயே உட்கார்ந்தாள். சாம்சன் கையில் வடையோடு கூரை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வெகுநேரம் அதைக் கடிக்கவில்லை.

மறுநாள் அவளுக்கு மெமோ வந்தது. அனுமதியில்லாமல் இருபது நிமிடம் முன்னதாக ஆட்களை டீக்கு அழைத்துச் சென்றதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். சுந்தரராஜ் இடது கையால் கையெழுத்திட்டிருந்தார். வலது கையில் ஏழு தையல்.

மகள் பவ்யா மெமோவைப் படித்துவிட்டுக் கேட்டாள். "அம்மா, இவர் சீரியஸாத்தான் எழுதியிருக்காரா?"

"சட்டை கிழிஞ்சதுக்குக் கேக்கலியே, அதுவரைக்கும் நல்லது," என்றாள் புஷ்பவல்லி. பிறகு பதில் எழுதினாள். பாக்யலட்சுமியின் புருவம், ஏர் ஹோஸ், வெல்டிங், தான் கேட்டது, அவர் சொன்னது. மொத்தம் எட்டு வரி. ஆபீசில் கொடுத்தாள். அவர்கள் வழக்கப்படி தேதி போட்டு முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் கோலாரிலிருந்து விசாரணைக்கு அதிகாரி வந்தார். ஆபத்து இருப்பதாகத் தங்களிடம் யாருமே சொன்னதில்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. அவர் ஃபைலைப் புரட்டினார். எட்டு வரியும் முத்திரையும் அதே ஃபைலில் இருந்தன. இரண்டு முறை படித்தார். பிறகு பாக்யலட்சுமியைக் கூப்பிட்டு முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு அவள் மை வைக்காமல் வந்திருந்தாள்.

நான்கு மாதம் தொழிற்சாலை மூடிக் கிடந்தது. திறந்தபோது தூசியை உறிஞ்சும் மெஷின் வந்திருந்தது, உத்திரங்களின்மேல் எதுவும் தங்காதபடி சரிவாகத் தகடு அடித்திருந்தார்கள், சுந்தரராஜ் இல்லை. வெல்டிங் வேலைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார் புது மேனேஜர். கையெழுத்துப் போட வேண்டியவள் புஷ்பவல்லி. மெமோவை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை.

முதல் சீட்டோடு சாம்சன் வந்தான். அவள் கூடத்துக்குள் போய் எலிவேட்டர் மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தாள். விரல் வெளுத்தது.

"சுத்தம் பண்ணிட்டு வா."

"கொஞ்சம்தான்கா கீது."

"போ."

அவன் போனான்.